தொகுப்பில் வடிவம் காத்தல்: கணினிக் கோப்புகளை இணைப்போர்க்குச் சில குறிப்புகள்

1. முன்னுரை

பலர் எழுதியவற்றை ஒரு நூலாக்கும் பணி தமிழர்க்குப் புதிதன்று. எட்டுத்தொகை என்னும் பெயரே அப்பணியைச் சுட்டி நிற்கிறது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்த புலவர்கள் பாடிய பாடல்களைத் திரட்டி, அடியளவு நோக்கி, திணை வகுத்து, ஒரு கோவையாக்கித் தந்தனர் அக்காலத் தொகுப்பாசிரியர்கள். அதே பணியை இன்று கல்லூரி மலர்க்குழுவும், கருத்தரங்கக் கட்டுரைகளைப் பதிப்பிக்கும் துறைகளும், இயல் இயலாகத் தட்டச்சு செய்து இறுதியில் ஒன்றாக்கும் ஆய்வு மாணவர்களும் செய்து வருகின்றனர். ஏட்டுக் கட்டு இருந்த இடத்தில் இன்று பென்டிரைவ் இருக்கிறது. தொகுப்போரின் கவலை மட்டும் மாறவில்லை.

கணினியில் சொற்செயலி கொண்டு உருவாக்கிய கோப்புகள் தனித்தனியே இருக்கும்போது ஒழுங்காகவே தோன்றுகின்றன. அவற்றை ஒரே கோப்பாக இணைத்தவுடன் எழுத்துரு மாறுகிறது, தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் மறைகின்றன, அட்டவணை குலைகிறது, அடிக்குறிப்பு எண்கள் இடம் பெயர்கின்றன. இவ்வாறு நேர்வது ஏன், இதனைத் தடுப்பது எங்ஙனம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினி வல்லுநர் அல்லாத தமிழ் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் விளங்குமாறு, நம் துறையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே இதனைக் காண்போம்.

2. மணலியில் ஓர் இரவு

வடசென்னைத் தொழில் வட்டாரத்து வழக்குச் சொற்களைத் திரட்டும் களப்பணி ஒன்றை நம் மாணவர்கள் மேற்கொண்டனர். மணலிக் குழு தொழிற்சாலைப் பணியாளர், லாரி ஓட்டுநர் ஆகியோரிடம் வழங்கும் சொற்களை எடுத்துக்கொண்டது. எண்ணூர்க் குழுவும் இராயபுரக் குழுவும் மீனவர் சொற்களைத் திரட்டின. திருவொற்றியூர்க் குழு கடைத்தெருச் சொற்களைத் தொகுத்தது. எல்லார்க்கும் ஒரே விதி வகுத்திருந்தோம். தலைச்சொல் தடித்த எழுத்தில் அமைய வேண்டும். தகவல் தந்தவரின் பேச்சு, அவர் பேசியவாறே, சாய்வெழுத்தில் அமைய வேண்டும். மாணவர் தரும் விளக்கம் இயல்பான எழுத்தில் அமைய வேண்டும்.

மலர் அச்சகம் செல்லும் நாளுக்கு முந்திய இரவு, மணலியில் நம் இல்லத்தில் அமர்ந்து நான்கு கோப்புகளையும் ஒன்றாக்கினோம். மணலிக் குழுவின் பகுதி பழுதின்றி வந்தது. எண்ணூர்ப் பகுதி முழுவதும் ஆங்கில எழுத்துகளாகவும் அரைப்புள்ளிகளாகவும் மாறி நின்றது. திருவொற்றியூர்ப் பகுதியில் சொல்லும் பொருளும் வரிசை தவறி ஒன்றன் கீழ் ஒன்று சரிந்திருந்தன. இராயபுரப் பகுதியில் எழுத்துகள் தெளிவாகவே இருந்தன. ஆயின் தடிப்பும் இல்லை, சாய்வும் இல்லை.

நான்கனுள் நம்மை அஞ்ச வைக்காதது இராயபுரப் பகுதியே. படிக்க முடிகிறதே என்று எண்ணி அதனைக் கடைசியாகப் பார்க்க வைத்தோம். உண்மையில் அதுவே பேரிழப்பாக முடிந்தது. எண்ணூர்க் குழுவின் மாணவர் மூலக் கோப்பைக் காத்து வைத்திருந்தார். மறுநாட் காலையில் அது சரியாயிற்று. திருவொற்றியூர் அட்டவணையை இரண்டு மணி நேரத்தில் மீண்டும் அமைத்தோம். இராயபுரக் கோப்புக்கோ மூலப்படி இல்லை. சில வாரங்களுக்கு முன், எழுத்துரு ஒருமைப்பட வேண்டும் என்று கருதி, அதனை வெற்று உரையாக வேறு கோப்பில் ஒட்டி, அதே பெயரில் சேமித்தவர் நாமே. திருத்திய படி இதுவென்று சொல்லி அதனையே மாணவியிடம் திருப்பித் தந்தவரும் நாமே. அவர் தம்மிடமிருந்த பழைய படியை நீக்கிவிட்டார். பிழை நம்முடையதே.

சாய்வெழுத்து மறைந்ததால், எது மீனவப் பெரியவரின் வாக்கு, எது மாணவியின் விளக்கம் என்னும் எல்லை மறைந்தது. பெரும்பாலான இடங்களில் பேச்சு வழக்கைக் கொண்டு பிரித்துவிட்டோம். பதினொரு பதிவுகளில் அவ்வாறு பிரிக்க இயலவில்லை. பெரியவரிடம் சென்று மீண்டும் கேட்கலாம் என்று மாணவி புறப்பட்டார். அவர் சென்ற மாதமே மறைந்துவிட்டார் என்னும் செய்தியோடு திரும்பி வந்தார். ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாக அச்சிடுதல் முறையன்று. அவர் சொன்னதை நம்முடையதாக அச்சிடுதல் அதனினும் முறையன்று. ஆகவே அப்பதினொரு பதிவுகளையும் நீக்கினோம்.

3. வடிவம் பொருளாகும் இடம்

வடிவமைப்பு என்பது ஒப்பனை என்றே பலரும் கருதுகின்றனர். தலைப்பு நீல நிறத்தில் இருப்பதும் பக்கத்தைச் சுற்றிக் கோடு இருப்பதும் ஒப்பனையே. அவை நீங்கினால் பொருளுக்கு ஊறில்லை. ஆனால் மேற்கோள் எது, ஆசிரியர் கூற்று எது, மூலம் எது, உரை எது என்று காட்டும் வடிவம் பொருளின் ஒரு பகுதியாகும். அது நீங்கினால் சொற்கள் அனைத்தும் இருந்தும் செய்தி கெடும்.

இவ்வுண்மையைச் சுவடிப் பதிப்பு வரலாறு நமக்கு நன்கு உணர்த்துகிறது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு இல்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் தோன்றுவதில்லை. அடிகளைப் பிரித்து எழுதுவதும் இல்லை. ஓலையின் நீளம் முடியும்வரை எழுத்து ஓடும். உ. வே. சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டு பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபோது, மூலமும் உரையும் கலந்து கிடந்த ஏடுகளிலிருந்து மூலத்தைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடாக இருந்தது. மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் அச்சிட்ட நூலை இன்று எளிதாகப் படிக்கின்றோம். அவ்வெழுத்தளவு வேறுபாட்டுக்குப் பின்னே ஒரு பதிப்பாசிரியரின் உழைப்பு நிற்கிறது. கோப்புகளை ஆராயாது இணைப்பவர் அவ்வுழைப்பைத் தலைகீழாக்குகிறார். பிரித்து வைத்ததை மீண்டும் ஏட்டு நிலைக்கே கொண்டு செல்கிறார்.

4. அகநானூறு காட்டும் நெறி

தொகுக்கும்போது வகைப்பாடு அழியாமல் காப்பதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு அகநானூறு. பாண்டியன் உக்கிரப்பெருவழுதி தொகுப்பிக்க, உருத்திரசன்மர் தொகுத்த அந்நூலில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலை. 2, 8 என முடியும் எண்களை உடையவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். 10, 20 எனப் பத்தின் மடங்காக வருபவை நெய்தல். இக்கணக்கின்படி பாலை 200, குறிஞ்சி 80, முல்லை, மருதம், நெய்தல் ஒவ்வொன்றும் 40 ஆக, நானூறு பாடல்களும் அமைகின்றன.

இவ்வமைப்பின் பயன் யாது? பாடலின் கீழே எழுதிய திணைக் குறிப்பு செல்லரித்துப் போனாலும், பாடலின் எண் இருக்கும்வரை திணை அழியாது. 46-ஆம் பாடல் மருதம் என்பதை அறிய வேறு சான்று வேண்டா. புறத்தோற்றத்தை மட்டும் நம்பாமல், வகையைப் பாடலின் இருப்பிடத்தோடே பிணைத்துவிட்டார் தொகுத்தவர்.

நம் வட்டாரத்திலேயே மற்றொரு சான்றும் உண்டு. திருவொற்றியூரைப் பலகால் பாடிய இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் ஆறு திருமுறைகளாக வகுத்தார். முதல் நான்கு 1867-ஆம் ஆண்டு அச்சேறின. பின்னர் 1972-ஆம் ஆண்டு ஊரன் அடிகள் அப்பாடல்களைக் கால முறைப்படி வரிசை மாற்றிப் பதிப்பித்தார். வரிசை மாறியும் பாடல்கள் குழம்பவில்லை. தலைப்பும் எல்லையும் உடைய பதிகம் என்னும் அலகு சிதையாது நின்றமையால் அவ்வாறு மாற்றியமைக்க இயன்றது எனலாம்.

இவ்விரு சான்றுகளாலும் நாம் பெறும் நெறி ஒன்றே. காக்க வேண்டிய வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தில் மட்டும் வைத்தல் போதாது. அதனைப் பெயரோடோ, எண்ணோடோ, எழுத்தோடோ பிணைத்து வைத்தல் வேண்டும். கணினிக் கோப்பில் இதனைச் செய்யும் வழிகளை இனிக் காண்போம்.

5. எழுத்தும் எழுத்துருவும்

எண்ணூர்க் கோப்பு ஆங்கிலமாக மாறியது ஏன் என்பதை முதலில் ஆராய்வோம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி சேமித்து வைப்பது தமிழ் எழுத்தை அன்று. ஆங்கில எழுத்தையே சேமிக்கிறது. 'தமிழ்' என்னும் சொல் அங்கு ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் பதிவாகிறது. அவற்றுக்குத் தமிழ் வடிவம் தந்து திரையில் காட்டுவது எழுத்துரு. எனவே இங்கு எழுத்துரு என்பது ஆடையன்று, உடம்பேயாகும். ஆங்கிலக் கட்டுரையில் எழுத்துரு மாறினால் அழகு குறையும். பாமினியில் எழுதிய தமிழ்க் கட்டுரையில் எழுத்துரு மாறினால் மொழியே மறையும்.

1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாக, தமிழுக்கு மட்டுமான 'டாம்', தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுவதற்கான 'டாப்' என்னும் இரு குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் வகுக்கப்பெற்றன. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எனினும் விண்டோஸ் 2000 வந்த பின்னரே அம்முறை பொதுமக்கள் கணினியில் வழங்கத் தொடங்கியது. 2010 ஜூனில் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது.

ஒருங்குறியின் பயனை மணலியில் வாழ்வோர்க்கு விளக்குதல் எளிது. நம் விரைவுச் சாலையில் இரவும் பகலும் செல்லும் 'கன்டெய்னர்' லாரிகளை நாம் அறிவோம். கப்பலாயினும், இரயிலாயினும், லாரியாயினும் 20 அடி, 40 அடிப் பெட்டிகள் அளவு மாறாமல் ஏறி இறங்குகின்றன. உள்ளிருக்கும் சரக்கை ஒருவரும் தொடுவதில்லை. அளவு பொதுவாக இருப்பதே அதற்குக் காரணம். அவ்வாறே ஒருங்குறியில் ழகரத்துக்கு உலகெங்கும் ஒரே எண். லதா எழுத்துருவில் எழுதியதை வேறு ஒருங்குறி எழுத்துருவுக்கு மாற்றினாலும் ழகரம் ழகரமாகவே நிற்கும்.

பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் உள. ஆயின் எப்போது மாற்றுவது என்பதே இங்கு முதன்மையான வினா. இணைப்பதற்கு முன்னரே மாற்றுதல் வேண்டும். பாமினிக் கோப்பில் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்களும் இருக்கக்கூடும். எது உண்மை ஆங்கிலம், எது தமிழைச் சுமந்த ஆங்கில எழுத்து என்று அறிவிக்கும் ஒரே சான்று, அவ்விடத்தில் இடப்பட்டுள்ள எழுத்துருவின் பெயர். இணைக்கும்போது அப்பெயர் அழிந்துவிட்டால் சான்றும் அழிகிறது. பின்னர் மாற்றும்போது நூற்பெயராக வந்த ஆங்கிலச் சொல்லும் பொருளற்ற தமிழாக மாறிவிடும்.

மாற்றிய பின்னும் மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்னும் பார்வை வரிசையில் பதிவாகும். ஒருங்குறியில் ககரத்தின் பின் ஒகரக் குறி வரும். 'கௌரவம்' என்னும் சொல் கொம்பும் ளகரமும் சேர்ந்த 'கெளரவம்' ஆகத் தங்கிவிடுதல் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே, கணினிக்கு வேறுவேறு. கணினியில் தேடினால் அச்சொல் அகப்படாது. ஏட்டில் ரகரத்தையும் காலையும் பிரித்தறிய வேண்டியிருந்ததற்கு நிகரான கவனம் இங்கும் வேண்டப்படுகிறது.

நம் இளமுனைவர் பட்ட ஆய்வேட்டின் கோப்பும் இந்நிலையில்தான் ஒரு குறுந்தகட்டில் கிடந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் திறந்தபோது ஒரு வரியும் தமிழாக இல்லை. எழுத்துருப் பெயர் மட்டும் கோப்பில் எஞ்சியிருந்தமையால் அதனை மீட்க முடிந்தது.

6. பெயரிட்ட பாணி

எழுத்துருப் பெயர் இணைக்கும்போது அழிவது எவ்வாறு? சொற்செயலியில் ஒரு பத்திக்கு வடிவம் தருவதற்கு இரு வழிகள் உள்ளன. சொற்களைத் தெரிவு செய்து, அவ்விடத்திலேயே எழுத்துருவையும் அளவையும் மாற்றுதல் ஒரு வழி. 'ஸ்டைல்' எனப்படும் பாணி ஒன்றை வகுத்து, அதற்குப் பெயரிட்டு, அப்பெயரைப் பத்திக்கு இடுதல் மற்றொரு வழி. ஒன்றும் செய்யாமல் எழுதினாலும் 'நார்மல்' என்னும் பாணி தானே அமைந்துவிடுகிறது.

இரு கோப்புகளிலும் ஒரே பெயருடைய பாணி இருந்து, அதன் இலக்கணம் வேறுபட்டால், ஒரு கோப்பை மற்றொன்றினுள் செருகும்போது ஏற்கும் கோப்பின் இலக்கணமே நிலைக்கும். எண்ணூர் மாணவரின் கோப்பில் 'நார்மல்' என்றால் பாமினி. நம் கோப்பில் 'நார்மல்' என்றால் லதா. பெயர் ஒன்றாக இருந்தமையால் அவருடைய பாமினி நீங்கிற்று. ஜே, கே, பி, ஓ வெளிப்பட்டது. பலபொருள் ஒருசொல் செய்யுளில் சிலேடைக்கு உதவும். கோப்பில் அது கேடு விளைக்கும்.

இவ்விதியை நமக்குத் துணையாக்கிக்கொள்ளவும் கூடும். எல்லா மாணவர்க்கும் ஒரே மாதிரிக் கோப்பைத் தொடக்கத்திலேயே தந்து, அதில் 'தலைச்சொல்', 'பேச்சு', 'விளக்கம்' என மூன்று பாணிகளை வகுத்து வைத்தால், நான்கு கோப்புகளும் சேரும்போது மூன்று வகைகளும் தத்தம் பெயரோடே வந்து சேரும். பின்னர் 'பேச்சு' என்னும் பாணியின் தோற்றத்தை ஓரிடத்தில் மாற்றினால் நூல் முழுதும் மாறும். அகநானூற்றில் எண் செய்த பணியை இங்குப் பாணியின் பெயர் செய்கிறது.

இதனோடு மற்றொரு காப்பும் வேண்டும். தகவல் தந்தவரின் பேச்சை மேற்கோள் குறிக்குள் எழுதுதல் நன்று. மேற்கோள் குறி எழுத்தோடு எழுத்தாகப் பதிவாவது. வெற்று உரையாக ஒட்டினாலும் அது நீங்காது. சாய்வெழுத்தை மட்டும் நம்பிய நாம் ஓர் இணை மேற்கோள் குறியை இட்டிருந்தால், அப்பதினொரு பதிவுகளும் இம்மலரில் இடம் பெற்றிருக்கும்.

7. இணைக்கும் முறை

இதுகாறும் கண்டவற்றை ஒட்டி, இணைப்போர் பின்பற்றத்தக்க முறையைப் படிப்படியாகக் கூறுவோம்.

முதலாவதாக, வந்த கோப்பு ஒவ்வொன்றையும் 'மூலம்' என்னும் தனி உறையில் படியெடுத்து வைத்தல் வேண்டும். அவ்வுறையிலுள்ள எதனையும் திருத்துதல் ஆகாது. திருத்தும் படிக்கு வேறு பெயரும் நாளும் இடுதல் வேண்டும். கோப்போடு அதன் பி.டி.எஃப். வடிவத்தையும் ஆசிரியரிடம் கேட்டுப் பெறுதல் நன்று. அவர் கணினியில் கட்டுரை எவ்வாறு தோன்றியது என்பதற்கு அதுவே சான்றாகும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு கோப்பின் எழுத்துருவையும் அறிந்து, பழைய எழுத்துருவாயின் தனிக் கோப்பாக இருக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவதாக, ஒட்டும்போது சொற்செயலி தரும் தெரிவுகளின் பொருளை அறிதல் வேண்டும். வேர்டு மென்பொருளில் 'கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங்' என்பது வந்த வடிவத்தைக் காக்க முயலும். 'மெர்ஜ் ஃபார்மேட்டிங்' என்பது பத்தியின் இடையில் வரும் தடிப்பு, சாய்வு போன்றவற்றைக் காத்து, எழுத்துருவை ஏற்கும் கோப்புக்கு ஏற்ப மாற்றிவிடும். பழைய எழுத்துருக் கோப்புக்கு இது பகை. 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்பது வெற்று உரையை மட்டும் எடுத்து ஏனையவற்றை நீக்கும். நாம் இராயபுரக் கோப்புக்குச் செய்தது இதுவே. பத்தியின் வடிவம் அதன் இறுதியிலுள்ள பத்திக் குறியில் அடங்கியிருப்பதால், படியெடுக்கும்போது அக்குறியையும் சேர்த்துத் தெரிவு செய்தல் வேண்டும்.

நான்காவதாக, நீண்ட கோப்புகளைப் படியெடுத்து ஒட்டுவதைவிட 'இன்செர்ட்' பட்டியலில் உள்ள 'டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்' வழியாகச் செருகுதல் ஒழுங்கானது. கோப்பின் பக்க அளவு, ஓரம், தலைப்புவரி ஆகியவை அதன் இறுதிப் பிரிவோடு கட்டுண்டவை. எனவே செருகப்படும் கோப்பின் முடிவில் 'செக்ஷன் பிரேக்' என்னும் பிரிவு முறிப்பை முன்னரே இட்டுவிட்டால் அவையும் உடன் வரும். வந்த பின்னர், ஒவ்வொரு பிரிவின் தலைப்புவரியிலும் 'லிங்க் டு ப்ரீவியஸ்' என்னும் தொடர்பை நீக்க வேண்டும். நீக்காவிடின் ஒருவர் கட்டுரையின் மேல் மற்றொருவர் பெயர் அமர்ந்துவிடும்.

ஐந்தாவதாக, எல்லாக் கோப்புகளையும் ஒரே மூச்சில் சேர்த்தல் கூடாது. ஒன்றைச் சேர்த்து, அதன் பி.டி.எஃப். படியோடு ஒப்புநோக்கிய பின்னரே அடுத்ததைச் சேர்த்தல் வேண்டும்.

8. தமிழ்த்துறையார் தனியே கவனிக்க வேண்டியவை

செய்யுள்: பாடலின் அடிகளைப் பிரிக்க 'ஷிஃப்ட்' விசையோடு 'என்டர்' அழுத்தி எழுதுவோர் உளர். இருபுறமும் சீராக்கும் அமைப்புடைய கோப்பில் அப்பாடல் சேரும்போது, அடி நிரம்பும் பொருட்டுச் சீர்களுக்கு இடையே பெரும் இடைவெளி தோன்றும். முச்சீரடியும் நாற்சீரடியும் ஒரே நீளமாகத் தெரியும். செய்யுளுக்கெனத் தனிப் பாணி வகுத்து, அதனை இடப்பக்கம் மட்டும் சீராக்கி வைத்தலே தக்கது.

அட்டவணை: இடைவெளி விசையை அழுத்தி அழுத்தி வரிசையாக்கிய பட்டியல், எழுத்துருவின் அகலம் மாறியவுடன் சரியும். திருவொற்றியூர்ப் பகுதிக்கு நேர்ந்தது இதுவே. உண்மையான அட்டவணையையே அமைத்தல் வேண்டும்.

அடிக்குறிப்பு: சொற்செயலி தானே இடும் அடிக்குறிப்பு எண்கள் இணைத்தவுடன் தொடர் எண்களாக மாறும். 'அடிக்குறிப்பு 4 காண்க' என்று கையால் எழுதிய தொடர் மட்டும் மாறாது. வேறொருவர் குறிப்பைச் சுட்டி நிற்கும். பிரிவுதோறும் எண் புதிதாகத் தொடங்குமாறு அமைத்தால் இவ்விடர் நீங்கும்.

அரபு மேற்கோள்: இசுலாமியத் தமிழ் இலக்கிய ஆய்வுகளிலும் அரபுத்தமிழ் நூல்கள் பற்றிய கட்டுரைகளிலும் அரபு எழுத்தில் மேற்கோள்கள் வருகின்றன. வலமிருந்து இடமாக எழுதும் திசை பத்தியின் வடிவமைப்பில் அடங்குவது. அது நீங்கினால் முற்றுப்புள்ளியும் எண்ணும் தவறான முனையில் சென்று நிற்கும். வேர்டு மென்பொருள் தமிழையும் அரபையும் கூட்டெழுத்து மொழிகள் என ஒரே வகையில் அடக்குவதால், ஒட்டுமொத்தமாகத் தமிழ் எழுத்துருவை மாற்றும்போது அரபுப் பகுதிக்கு இட்டிருந்த எழுத்துருவும் மாறிவிடலாம். அரபு மேற்கோளுக்குத் தனிப் பாணி வகுப்பதே இதற்கு மருந்து. இணைத்த பின் அரபு அறிந்த ஒருவரிடம் காட்டுதலும் கடமையாகும்.

9. முடிவுரை

2011-ஆம் ஆண்டு மணலி நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இணைந்த பின்னும் மணலி என்னும் பெயர் ஒரு மண்டலத்தின் பெயராக நிலைத்திருக்கிறது. கோப்புகளை இணைத்தலும் அத்தகையதாக அமைதல் வேண்டும். தொகுப்பு ஒன்றாக வேண்டும். அதனுள் ஒவ்வொருவர் குரலும் தன் எல்லையோடு கேட்க வேண்டும்.

மூலக் கோப்பைத் தொடாது காத்தல், எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே சேர்த்தல், பொருள் தரும் வேறுபாட்டைப் பெயரிட்ட பாணியோடும் குறியோடும் பிணைத்தல் ஆகிய மூன்றும் இக்கட்டுரையால் பெறப்படும் முடிவுகளாம். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கேட்பதன்று; அச்சகம் செல்லும் முந்திய இரவுக்கு முன்னரே தொடங்கும் முன்னெச்சரிக்கை ஒன்றையே கேட்கிறது.

அடுத்த மலருக்குரிய மாதிரிக் கோப்பைப் பாணிப் பெயர்களோடு ஆயத்தம் செய்து துறைக் கணினியில் வைத்துள்ளோம். கட்டுரை தரும் மாணவர்கள் அதனைப் பெற்று, அதிலேயே எழுதித் தருமாறு வேண்டுகிறோம். களப்பணிக்குச் செல்வோர், பெரியோர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் இடுமாறும் வேண்டுகிறோம். நம் கோப்பை எப்போது வேண்டுமாயினும் திருத்திக்கொள்ளலாம். அவர்களிடம் மீண்டும் சென்று கேட்கும் வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை.